இடம் பாதுகாப்பாக உள்ளது

இல்லண்ணே, தொண்டைக்கெல்லாம் ஒண்ணும் ஆகல. இந்த முதலுதவிப் போட்டிக்குக் காலையிலருந்து பதினோரு டீம் வந்துட்டுப் போயிடுச்சு, பதினோரு தடவையும் அடிவயித்துலருந்து கத்திட்டேன், இன்னும் ரெண்டு போட்டிக்குச் சேர்த்துக் கத்தச் சொன்னாலும் கத்துவேன். தொண்டைக்கு மிட்டாய் குடுத்தாங்களே, அதுல ஒண்ணு வாயில போட்டிருக்கேன். உங்களுக்கும் வேணுமா? அட எந்திரிச்சு உக்காருங்க வெர்ன் அண்ணே. இனி ஒரே ஒரு டீம்தான் பாக்கி, அது வர்றதுக்குக் கொஞ்சம் நேரம் இருக்கு. அதுவரைக்கும் நீங்க மயங்கிக் கிடக்க வேண்டாம்.

ஐயோ, நெத்தியைத் தொடாதீங்க! ரத்தம் இன்னும் காயல. சோளப்பாகுல சிவப்புச் சாயம் கலந்து அந்த மேக்கப் பொண்ணு எவ்வளவு ஆசையா பூசிவிட்டுப் போனா. நக்காதீங்க. இனிப்பாத்தான் இருக்கும், நானும் காலையில நக்கிப் பார்த்தேன், ஆனா நக்காதீங்க.

உங்களைத்தான் சொல்லணும். மயக்கம் போட்ட ஆளா நடிங்கன்னு படுக்க வச்சா குறட்டை விடுறீங்க! அஞ்சாவது டீம் பையன் மூஞ்சியை நீங்க பாக்கலையே. ஆடிப்போயிட்டான். சுவாசத்தில் சத்தம் கேட்கிறது, தலையைச் சாய்த்து மூச்சுப்பாதையைத் திறக்கிறேன்னு நடுவர் அம்மாகிட்டச் சத்தமா சொன்னான். அந்த அம்மாவும் டிக் போட்டுட்டாங்க. உங்க குறட்டைக்கு மார்க் வாங்கிட்டான் அண்ணே. என்னது, விடிய விடிய பனி தள்ளுற வண்டி ஓட்டிட்டு நேரா இங்க வந்தீங்களா? அப்ப சரி, தூங்குங்க, யாரு கேக்கப்போறா.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியல, மன்னிச்சுக்கங்க. காலையிலருந்து இப்படித்தான் இருக்கேன். இந்த டுலூத் ஊருக்கு வர்ற வழி பூரா என் வீட்டுக்காரர் கேட்டுட்டே வந்தாரு, உனக்கு என்னடி ஆச்சு, நீ போட்டியில ஜெயிக்கப்போறியா இல்ல பொம்மைக்கு அழப்போறியான்னு. ஏரி இன்னும் கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கு, வெளியில மூக்கு விழுந்துடற குளிரு, நான் என்னமோ கல்யாணத்துக்குப் போறவ மாதிரி சீட்டுல குதிச்சுட்டு வர்றேன்.

சரி, இந்தக் கதையை யாருண்ணே எழுதியிருப்பாங்க? ஒரே சாப்பாட்டுக் கடை. ஒரே நேரம். நீங்க வழுக்கி விழுந்து மண்டையை உடைச்சுக்கறீங்க, இந்தப் பக்கம் என் குழந்தைக்குத் தொண்டையில அடைச்சுக்குது. அந்தக் கடைக்கு எவன் போவான்? டீமுக்கு ரெண்டு பேரு, ஒருத்தர் உங்களைப் பாக்கணும், ஒருத்தர் இந்த ரப்பர் குழந்தையைப் பாக்கணும். நான் குறுக்க நின்னு அலறணும். என் அட்டையில அதான் போட்டிருக்கு பாருங்க, அலறும் தாய். முதலுதவி செய்ய விடாமல் இடையூறு செய்வார். இடையூறாம்!

இல்லல்ல, வேற வேஷமும் இருந்துச்சு. கை உடைஞ்சவ, தேனீ கொட்டினவ, சும்மா உக்காந்திருந்தாப் போதும். நான்தான் இதைக் கேட்டு வாங்கினேன். ஒத்திகையில ஒரு தடவை கத்திக் காட்டுங்கன்னாங்க. கத்தினேன். பக்கத்து ரூம்ல பல்லு வைத்தியப் போட்டி நடந்துட்டிருக்கு, அங்கருந்து ரெண்டு பேரு ஓடியே வந்துட்டாங்க. எங்க கத்துக்கிட்டீங்க இதைன்னு நடுவர் அம்மா கேட்டாங்க. அது தானா வர்றதுங்கன்னு சொல்லிட்டேன்.

பசங்களைப் பாத்தீங்களா, எல்லாரும் நீலக் கோட்டு, கழுத்து வரைக்கும் பட்டன், நெஞ்சு பூரா மத்த ஊர்ப் பசங்களோட மாத்தி வாங்கின பேட்ஜு. பள்ளிக்கூடம் படிக்கிற பிள்ளைங்க, அதுக்குள்ள பெரிய டாக்டர் நடை. நாலாவது டீம் பொண்ணு ஞாபகம் இருக்கா? உங்க காதுகிட்ட வந்து, ஐயா, நான் உங்களுக்கு உதவலாமான்னு கேட்டுட்டுப் பதிலுக்குக் காத்திட்டிருக்கு. மயக்கத்துல கிடக்கிற ஆளு என்ன பதில் சொல்வாரு? நீங்களும் பாவமேன்னு தலையை ஆட்டினீங்க! பாத்தேன் அண்ணே, பொய் சொல்லாதீங்க. எனக்கு அலற வேண்டிய இடத்துல சிரிப்பு வந்து, அழுகை மாதிரி மாத்திக்க வேண்டியதாப் போச்சு.

அதுவா? உள்ள நுழைஞ்சதும் எல்லாரும் சொல்வாங்களே, அதைக் கேக்குறீங்களா? இடம் பாதுகாப்பாக உள்ளது! கையுறை அணிந்துள்ளேன்! அது சொல்லியே ஆகணும் அண்ணே. இவங்க போட்டியில செஞ்சா மட்டும் போதாது. செய்யறதை நடுவர் காதுல விழற மாதிரி வாயால சொல்லணும். சொல்லலேன்னா செய்யலேன்னு கணக்கு. அதான் இல்லாத கையுறையைக் காத்துல எடுத்துக் காத்துல மாட்டிக்கிறாங்க. வருஷம் பூரா இதே பயிற்சி. தூக்கத்துல எழுப்பிவிட்டாலும் சொல்லுவாங்க.

எனக்கு எப்படித் தெரியுமா? ஒரு கதை சொல்றேன் கேளுங்க. அடுத்து வர்ற டீம்ல ஒரு பொண்ணு, மாரிட்னு பேரு. ஒல்லியா, உயரமா, இருமினாக்கூட மன்னிப்புக் கேக்கற ரகம். அவ சனி ஞாயிறுல ஒரு சாப்பாட்டுக் கடையில காபி ஊத்தற வேலை பாக்குறா. ஜனவரியில ஒரு நாள் காலையில, கடை நிறையக் கூட்டம், மூலை மேஜையில ஒரு பொண்ணு கைக்குழந்தையோட உக்காந்திருக்கா. பத்து மாசக் குழந்தை. பல்லே ரெண்டுதான். அதுக்குப் போயி சாஸேஜ் துண்டைக் குடுத்திருக்கா, புண்ணியவதி. குழந்தைக்குச் சத்தமே வரல. மூஞ்சி நீலமாகுது. இவ என்ன பண்ணணும்? எதாவது பண்ணணும்ல? நட்டமா நின்னுட்டுக் கத்துறா அண்ணே. மஞ்சக் கோட்டு போட்டுக்கிட்டு, ஊதல் கணக்கா, மூச்சு விடாம. யாரையும் கிட்ட வர விடல, குழந்தையையும் கையை விட்டு விடல.

நம்ம மாரிட்டு காபி ஜாடியை மெதுவா மேஜையில வச்சா. வச்சுட்டு நேரா நின்னுக்கிட்டு, கடை பூரா கேக்கற மாதிரி, இடம் பாதுகாப்பாக உள்ளது அப்படின்னா!

சிரிக்காதீங்க, இருங்க, இன்னும் இருக்கு. பக்கத்து மேஜைத் தாத்தா சுத்துமுத்தும் பாத்துட்டு, ஆமாம்மா, பாதுகாப்பாத்தான் இருக்குங்கறாரு! இவ அடுத்து, கையுறை அணிந்துள்ளேன்னு காத்துல மாட்டுறா. அப்புறம்தான் குழந்தையை வாங்கிக் குப்புறப் போட்டு, முதுகுல தட்டு, திருப்பி நெஞ்சுல அழுத்து, மறுபடி முதுகுல. ஒவ்வொண்ணையும் வாயால சொல்லிக்கிட்டே. துண்டு தெறிச்சு வெளிய வந்துச்சு. குழந்தை வீல்னு அழுதுச்சு. அண்ணே, அந்த மாதிரி அழுகையை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, அவ்வளவு நல்லா இருந்துச்சு. உடனே இவ என்ன பண்ணினா தெரியுமா? கையை உசத்திக்கிட்டு, அடுப்படியில நின்ன சமையல்காரர் பக்கம் திரும்பி, எங்கள் செயல்முறை நிறைவடைந்தது, நன்றின்னு சொன்னா! கையை உசத்தினாத்தானே நடுவர் கடிகாரத்தை நிறுத்துவாரு! அந்த மனுஷன் தோசைக் கரண்டியைப் பிடிச்சபடி, சரிம்மா, சந்தோஷம்மாங்கறாரு. முட்டை தீயுது அங்க.

பக்கத்துலதான் இருந்தேன். ரொம்பப் பக்கத்துல.

ஆனா அது அதோட முடியல. கடையில ஒரு பையன் போன்ல படம் பிடிச்சுட்டான். எல்லார்கிட்டயும் போயிடுச்சு. அதுல அந்த அம்மாக்காரியோட முதுகுதான் தெரியுது, மஞ்சக் கோட்டு. மாரிட்டு மட்டும் முழுசா, கையுறை மாட்டுறது, கை உசத்துறது எல்லாம். குழந்தை பொழைச்சதை எவன் பேசுறான்? பள்ளிக்கூடத்துல அவ அலமாரியைத் திறந்தா, இடம் பாதுகாப்பாக உள்ளதுன்னு ஒருத்தன். சாப்பாட்டுத் தட்டை எடுத்தா ஒருத்தன். பாத்ரூம் போனா வெளியில ஒருத்தி. அவ பேரே அதாயிடுச்சு.

அதுலருந்து அவ வாயிலருந்து அந்த வார்த்தை வரமாட்டேங்குது. இவ கூட்டாளி ஹோதன்னு ஒரு சோமாலிப் பொண்ணு, அவளோட சித்தி எங்க பூக்கடையிலதான் வேலை பாக்குறா, அவதான் எனக்குச் சொன்னா. வட்டாரப் போட்டியில கை அத்தனையும் சுத்தமா செஞ்சிருக்கு, வாய் திறக்கல. மார்க்கெல்லாம் போச்சு. ஹோதன் வாயால தப்பிச்சு இங்க வரைக்கும் வந்துட்டாங்க. நீ ஊமையாவே வா, நான் ரெண்டு பேருக்கும் சேத்துப் பேசுறேன், ஆனா உன் மார்க்கை உன் வாயிலதான்டி வச்சிருக்கான்னு திட்டினாளாம் அந்தப் பொண்ணு. மாரிட்டுக்கு ஆம்புலன்ஸ் வேலைக்குப் போகணும்னு ஆசை. இன்னைக்கும் சொல்ல வரலேன்னா பள்ளிக்கூடத்து மருத்துவச் சங்கத்தையும் விட்டுடறேன், அந்தப் படிப்பும் எனக்கு வேணாம்னுட்டாளாம். ஒரு வரி அண்ணே! ஒரே ஒரு வரி. அதைச் சொல்லிட்டாப் போதும்.

தெரிஞ்சவங்க நடிக்கக் கூடாதுதான், ஆனா எனக்கு அவளைத் தெரியாதே. ஒரு வார்த்தை பேசினதில்லை. அவளுக்கும் என்னைத் தெரியாது. நடுவர் அம்மாகிட்ட நீங்க எதுவும் சொல்லிடாதீங்க.

ஷ்! காலடிச் சத்தம். படுங்க, படுங்க. அந்தக் கையை மடக்கிப் போடுங்க. தயவுபண்ணி இந்தத் தடவை குறட்டை விடாதீங்க அண்ணே. கதவு திறக்குது. ஐயோ! ஐயோ, என் குழந்தை! யாராவது வாங்களேன்! என் குழந்தை மூச்சு விடல!

எந்திரிங்க. போயிட்டாங்க, எந்திரிங்க அண்ணே. கேட்டீங்களா? கேட்டீங்களா இல்லையா? தூங்கிட்டேன்னு மட்டும் சொல்லாதீங்க, மிச்ச ரத்தத்தையும் உங்க தலையில ஊத்திடுவேன்.

நான் பாத்தேன். ஹோதன் நேரா உங்ககிட்ட ஓடி வந்துட்டா. மாரிட்டு வாசல்லயே நின்னுட்டா. உதடு அசையுது, சத்தம் வரல. நான் கத்துறேன், அவ நிக்கிறா. ஹோதன் உங்க கழுத்துல விரலை வச்சுக்கிட்டே அவளைப் பாக்குறா. நான் இன்னும் கத்துறேன். அது அட்டையில இருக்கிற அலறல் இல்லண்ணே. அது வேற. அது என்னை அறியாம வந்துச்சு. அதைக் கேட்டதும் அவ தலையைத் தூக்கினா பாருங்க. பொம்மையைப் பாக்கல. என்னைப் பாத்தா. பாத்துட்டுச் சத்தமாச் சொன்னா, பல்லு வைத்தியத்துக்கும் கேட்டிருக்கும், ஏரிக்கும் கேட்டிருக்கும், இடம் பாதுகாப்பாக உள்ளது!

அப்புறம் நிக்கவே இல்ல. கையுறை போட்டாச்சு, முதுகுல தட்டியாச்சு, எல்லாத்தையும் சொல்லிச் சொல்லி. மத்த டீமெல்லாம் என்னை வெளிய போங்க, தள்ளி நில்லுங்கன்னாங்கல்ல? இவ, அம்மா நீங்க இங்கயே இருங்க, குழந்தை உங்க முகத்தைப் பாக்கட்டும்னா. நடுவர் அம்மா பேனா டிக் டிக்குனு ஓடுது. கடைசியில கையை உசத்தினா. இந்தத் தடவை சரியான ஆளு பக்கம் திரும்பித்தான்!

ஜெயிப்பாளான்னு சாயங்காலம் மேடையில சொல்வாங்க. எனக்கு அது வேண்டியதே இல்ல. வேணும்தான், ஆனா வேண்டியதில்ல.

என்ன? ஆமா, என் அட்டையில இன்னும் நாலு வரி இருந்துச்சு. நடுவர் அம்மாகூடக் கண்ணாடிக்கு மேல பாத்து, கத்துங்க கத்துங்கன்னு சைகை காட்டினாங்க. வரலையே. அவ அதைச் சொன்னதும் தொண்டை நின்னு போச்சு. அவ்வளவு நேரம் கத்தினவ, வாயை மூடிக்கிட்டு சும்மா நின்னுட்டேன்.

அன்னைக்கும் அங்கதாண்ணே நிறுத்தினேன்.

ஆமா. அந்த மஞ்சக் கோட்டுகூட வண்டியிலதான் கிடக்கு, போட்டுட்டு வந்தா கண்டுபிடிச்சுடுவாளேன்னு கழட்டி வச்சுட்டேன். எல்லாரும் சிரிக்கிறாங்களே அந்த வரிக்கு, கடையில அது ஒண்ணுதான் என் காதுல விழுந்துச்சு. பூ அனுப்பினேன் அவளுக்கு, ரெண்டு தடவை, கார்டுல என்ன எழுதறதுன்னு தெரியாம வெறுமனே அனுப்பிட்டேன். இப்பப் போயி சொல்லலாம்ல? போட்டிதான் முடிஞ்சுடுச்சே. சொல்லலாம். சொல்லிடறேன்.

அங்க பாருங்க, கதவுக் கண்ணாடியில மூக்கை அமுக்கிட்டு, அவங்க அப்பா தோள்ல. அவன்தான் என் பிள்ளை, ஆக்செல். இப்ப நாலு பல்லு. வாடா, வாடா தங்கம், உள்ள வா! அண்ணே, அந்த ரத்தத்தைக் கொஞ்சம் துடைச்சுக்கங்க, பிள்ளை பயந்துக்கும்.