பியானோ மேசை அல்ல

மே 30, வெள்ளிக்கிழமை. இந்தப் பாராட்டு மடலை வாசிக்கத் தொடங்கும் முன் ஒரு பிழைத் திருத்தம். இன்றைய அழைப்பிதழில் "முதுமை காரணமாக ஓய்வு பெறும்" என்று அச்சாகியிருக்கிறது. அலுவலகம் கொடுத்த வரியைச் சரிபார்க்காமல் அப்படியே சேர்த்துவிட்டோம். தவறு எங்களுடையது. "முதுமை காரணமாக" என்பதை அடித்துவிட்டு மேலே கேளுங்கள்.

எங்கள் அரங்கத்தின் பியானோ கலைஞரே, மாலை வகுப்பின் ஆசிரியையே, பக்கத்து அறையில் இருந்துகொண்டே எங்கள் தப்புச் சுரத்தைப் பிடித்துவிடும் பொல்லாத காதுக்காரரே, அம்மா!

"ஏழிசை அரசியே, எண்பத்தெட்டுக் கட்டைகளையும் ஏவல் கேட்க வைத்த ஏந்தலே" என்றுதான் முதலில் எழுதினோம். பாராட்டு மடல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார்கள் சிலர். நீங்கள் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்தோம். "பட்டமெல்லாம் வேணாம்பா, பியானோ மேல இருக்கிற பூச்சாடியை எடுங்க, அது போதும்" என்பீர்கள். அடித்துவிட்டோம்.

பள்ளிக்கூட மண்டபத்தில், காலை மணி அடிப்பதற்குள் கிடைத்த கொஞ்ச நேரத்தில் வாசிக்கக் கற்றவர் நீங்கள். வயலின்காரர் தன் வயலினைத் தூக்கிக்கொண்டு போகிறார். பியானோ வாசிப்பவருக்கோ போன இடத்தில் இருப்பதுதான் வாத்தியம். அதனால் சம்பந்தி வீட்டுக்குப் போவதுபோல முதல் நாளே போய், ஒவ்வொரு கட்டையாகத் தட்டி நலம் விசாரிப்பீர்கள். அரங்கத்துக்கு அரங்கம் அப்படிப் பழகிப் பழகியே முப்பது ஆண்டுகள் வாசித்தீர்கள். ஒரு கச்சேரியைக்கூடப் பாதியில் விட்டதில்லை, சென்ற மாத ஆண்டு விழாவைத் தவிர.

அதைப் பற்றிப் பேசாமல் உங்களைப் பாராட்டினால் அது பொய்ப் பாராட்டு. மேலாளர் அவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள், நேராகவே சொல்லிவிடுகிறோம்.

அன்று காலை விளம்பரப் படம் எடுக்க ஒரு கூட்டம் வந்தது. பியானோவின் மேல் தண்ணீர் நிறைந்த பூச்சாடியை வைத்தார்கள். "இது மேசை இல்லைங்க" என்றீர்கள். "ஒரு போட்டோதானம்மா, ஒண்ணும் ஆயிடாது" என்றார் மேலாளர். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் சாடி சாய்ந்தது. மேலே துடைத்தார்கள். கட்டைகளின் இடுக்கில் இறங்கிய தண்ணீரை யாரும் துடைக்கவில்லை, உங்களிடம் சொல்லவும் இல்லை.

மாலைக்குள் மரம் ஊதிவிட்டது. கச்சேரியின் இரண்டாம் பகுதியில், நடுவில் ஒரு கட்டை அழுத்தியது அழுத்தியபடியே நின்றது. நீங்கள் அதை விரல் நுனியால் தூக்கிவிட்டு மறுபடி வாசித்ததை முன்வரிசையில் இருந்த நாங்கள் பார்த்தோம். மறுபடியும் நின்றது. மூன்றாம் முறை, கையை எடுத்துவிட்டு எழுந்தீர்கள்.

இசைத் தாளைப் பார்க்காமல் வாசிப்பது உங்கள் தொழிலின் வழக்கம். ஆகவே நடுவில் நின்றால், மறந்துவிட்டார் என்று சொல்வது எளிது. நீங்கள் வாய் திறப்பதற்குள் மேலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்துவிட்டார். "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, கொஞ்சம் மறந்துட்டாங்க. பரவாயில்ல, கை தட்டுங்க." கூட்டமும் கை தட்டியது. இரக்கப்பட்டுத் தட்டிய அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றும் எங்களுக்கு வயிறு எரிகிறது.

அடுத்த வாரமே ஓய்வு ஆணை வந்தது. வேறு இரண்டு அரங்கங்கள் உங்கள் கச்சேரியை, "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மிகப் பணிவாக ரத்து செய்தன. இதற்கெல்லாம் நீங்கள் கலங்கியதாகத் தெரியவில்லை. ஒரு நாள் வகுப்பு முடிந்து விளக்கை அணைக்கும்போது மட்டும் சொன்னீர்கள்: "என் பொண்ணே போன் பண்ணி, நிஜமாவே மறந்துட்டியாம்மான்னு கேட்டுட்டாப்பா."

அம்மா, நீங்கள் மறக்கவில்லை. இதை உங்கள் மகளும் கேட்க வேண்டும் என்றுதான் அவரையும் அழைத்திருக்கிறோம். அவர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். இந்த மடலைச் சட்டம் போட்டு உங்களிடம் தருவதோடு, இன்னொரு படியை அரங்க வாசலிலும் மாட்டப்போகிறோம். கழற்ற நினைப்பவர்கள் பகலிலேயே, எங்கள் முன்னால் வந்து கழற்றட்டும்.

நாளை மாலை இதே மேடையில் அதே இசையை வாசிக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டோம். ரத்து செய்த இரண்டு அரங்கத்தாரையும் வரச் சொல்லியிருக்கிறோம். "கட்டை மேல வருதான்னு முதல்ல பாருங்க, அப்புறம் சொல்றேன்" என்றீர்கள். சரி என்று சொன்னதாகவே எடுத்துக்கொண்டோம்.

நெடுநாள் நோயின்றி வாழுங்கள். போகுமிடமெல்லாம் நனையாத பியானோ கிடைக்கட்டும். இன்றும் யாரோ அதன்மேல் பூச்சாடி வைத்திருக்கிறார்கள். மடலை வாசித்து முடித்ததும் முதல் வேலையாக அதை எடுத்துவிடுகிறோம்.

கோபம் குறையாத அன்புடன்,
அரங்க ஊழியர்களும் மாலை வகுப்பு மாணவர்களும்

நாளைய வேலை: காலை ஒன்பது மணிக்குச் சுருதி சேர்ப்பவர் வருகிறார். கதவைத் திறந்து வைக்க வேண்டும். ஊதிய கட்டையைக் கழற்றி, பக்கத்தை இழைத்து, திரும்ப மாட்டி, அழுத்தினால் மேலே வருகிறதா என்று பார்க்க வேண்டும்.