உக்காரச் சொன்ன பையன்

தப்பு செய்து மாட்டிக்கொண்ட பையன்களின் அம்மாக்களுக்குத் தேனியில் கூட்டம் நடத்தி, மகனிடம் எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்கும் ஆலோசகர், அரை வேலையோடு கை கழுவிவிட்டார். வருசநாடு பஸ்ஸில் முன் சீட்டில் ஒருத்தி தன் மதினியிடம் சொன்னதைக் கேட்டேன். அவள் மகன் தோட்டங்களில் மோட்டார் வயர் திருடிப் பிடிபட்டவன்.

“‘கெஞ்சாத, கண்ணப் பாத்து ஒத்த வார்த்தயில சொல்லு’ன்னாக அந்த ஆலோசகரம்மா, மதினி. ‘உக்காரு’ன்னேன். உக்காந்துட்டான்.”

“ஒம் பேச்சுக்கா? போலீசு அடிச்சே அடங்காத பய!” மதினி சிரித்தாள்.

“சோறு வச்சேன், தொடல. கண்ணு மட்டும் எம் பின்னாடியே வருது.”

சிரிப்பு நின்றது. “இப்ப எங்கனடி இருக்கான்?”

“வீட்டுல. அதே எடத்துல.”

“எப்பருந்து?”

“முந்தாநேத்துலருந்து.”

“எந்திரின்னு சொல்ல வேண்டியதுதான?”

“சொன்னேன், எந்திரிக்கல. அத எப்பிடிச் சொல்லணும்னு கேக்கத்தான் இன்னைக்குத் தேனிக்குப் போனேன். ‘அமைதியாத்தான இருக்கான், நல்லதுதான’ன்னு அனுப்பிட்டாக.”



ஆலோசகர் அம்மா, அடுத்த கூட்டத்தில் எல்லாத் தாய்மார்கள் முன்னாலும் எழுந்து நின்று பதில் சொல்லுங்கள். அவனை எழுப்புகிற வார்த்தை எது?