குழி இல்லாத தரை

— நிறுத்துங்க, ட்ரெஸ்கோ சார். போதும், பார்த்தாச்சு.

— எங்க பார்த்த, மெட்டா? இதோ, திரையில பாரு, மறுபடியும் கீழ பார்க்குற. மாப்பிள்ளை அலமாரிக்குள்ள ஒளியுறான், பெர்லினே விழுந்து விழுந்து சிரிக்கணும். நீ என்னடான்னா தரையைப் பார்த்துட்டு நிக்கிற.

— பழக்க தோஷம். மேடையில இதே கூத்தை இருநூறு தடவை ஆடியிருக்கேன். அந்த இடத்துல குழி இருக்கும். உள்ள செல்மா அம்மா உக்காந்து வசனம் எடுத்துக் குடுப்பாங்க...

— இது ஊமைப்படம்மா. வசனம் எதுக்கு? நம்ம ஸ்டுடியோவுல குழி ஏது? வெறும் பலகை.

— எங்க கம்பெனி மத்த நடிகருங்களும்தான் பார்த்தாங்க.

— முதல் நாளோட விட்டுட்டாங்க. நீ மூணு வாரமா பார்க்குற. டைரக்டர்னு எனக்கும் ஒரு பொறுப்பு இருக்கு. உன் காட்சியையெல்லாம் வெட்டிட்டு வேற பொண்ணை வச்சு எடுத்துடுவேன்.

— ஐயோ, வேண்டாம் சார். நாடகக் கம்பெனியையும் மூடியாச்சு. இதை விட்டா என்னை யார் கூப்பிடுவா?

— அப்ப உண்மையைச் சொல்லு.

— சிரிப்பீங்க.

— சிரிக்கிற மூஞ்சியா இது?

— ...கேக்குது சார். பலகைக்கு அடியில. அதே கிசுகிசுப்பு, அதே இருமல்.

— பைத்தியமா உனக்கு? அவங்களைப் புதைச்சு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு.

— தெரியும். நானும்தானே மண்ணு போட்டேன். ஒண்ணு கேக்குறேன்... படப்பிடிப்பு முதல் நாள், அவங்க குளிர்ல விறைச்சுச் செத்த அன்னைக்கு, இங்க வேலை கேட்டு வந்தாங்களா? பனியில வெளிய நின்னதைப் பார்த்தேன்னு வண்டிக்காரர் சொன்னாரே.

— வரவே இல்ல. குடிகாரன் பேச்சு விடிஞ்சாப் போச்சு.

— இல்ல சார், அவர் அன்னைக்கு...

— பேச்சை மாத்தாத. கடைசிக் காட்சிக்கு வா. கல்யாண விருந்துல எல்லாரும் கோப்பையைத் தூக்குறாங்க, நீ மட்டும் 'குளிருது, கதவைத் திறங்க'ங்கிற. அது எந்த நாடகத்துல வருது?

— ...அந்த இடத்தைத் திருப்பி ஓட்டுங்க.

— எதுக்கு?

— ஓட்டுங்க சார். ...ஆங், இங்கதான். என் வாயைப் பாருங்க.

— அட, மூடியில்ல இருக்கு!

— மூடித்தான் இருந்தேன். அந்த வசனத்தை அவங்க எடுத்துக் குடுத்தாங்க. உதட்டைக் கடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. உங்களுக்கு எப்படித் தெரியும்?

— முதல்ல விளக்கைப் போடும்மா.

— சொல்லுங்க சார்.

— ...வந்தாங்க, மெட்டா. அரை மணி நேரம் கதவைத் தட்டிக்கிட்டே அதையேதான் சொன்னாங்க. இனிமே உங்களுக்கு வேலை இல்லைன்னு மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரல... தாழ்ப்பாளைப் போட்டுட்டேன்.