மொட்டை மாடி வெங்காயத்துக்கு இட்ட உரம்

வெங்காயத்துக்கு யூரியாவை அள்ளிக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். தாள் முழங்கால் உயரம் வளரும், அடியில் காய் சுண்டைக்காய் அளவுக்குத்தான் நிற்கும். காய் பருக்கிற நேரத்தில் அது கேட்பது சாம்பல் சத்து. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது. உட்காருங்கள், ஆராவமுது. காப்பி ஆறுகிறது.

"மன்னி, அண்ணாவை என்ன பண்ணினேள்?" என்று வாசலிலேயே கேட்டுவிட்டீர்கள். அம்சா உளறியிருப்பாள். வீட்டு வேலைக்கு வருகிறவளிடம் ரகசியம் தங்கும் என்று நினைத்தது என் தப்பு.

உங்கள் அண்ணா ஸ்ரீவத்ஸன் நல்லவர்தான். இந்த ஊரப்பாக்கம் வீட்டுக்குள் ஒரு நாளும் வெங்காயத் தோலைக்கூட நுழைய விடவில்லை, அவ்வளவுதான். மாமல்லபுரம் கடற்கரையில் ஒரே ஒரு வெங்காய பஜ்ஜி தின்றதற்கு, மாசமாக இருந்த என்னை வாசலில் நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றினார். எதிர்வீட்டார் வேடிக்கை பார்த்தார்கள். செத்துப் போய்விடலாம் போல இருந்தது. அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை நான்.

அவர் போன பிறகு எங்கள் பிள்ளை கிரிஷ் அஸ்தியைக் கடலில் கரைத்தான். காசிக்கென்று கொஞ்சத்தைக் கலயத்தில் கட்டி, உங்களை நம்பி விட்டுவிட்டு அமெரிக்காவுக்குப் பறந்துவிட்டான். வீட்டுக்குள் வைக்கக் கூடாதென்று மொட்டை மாடியில் தொங்கவிட்டோம். நீங்களோ டிக்கெட் கிடைக்கவில்லை, முட்டி வலிக்கிறது என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தீர்கள். அதற்கு நேர் கீழே தொட்டிகளில், அவர் காரியம் முடிந்த கையோடு நான் நட்ட வெங்காயம் காய் பிடிக்கிற பருவம். மேலே இவர் சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறார். நீங்களே சொல்லுங்கள்.

தொட்டிக்கு ஒரு கரண்டி போட்டேன். கலயம் காலியாக இருக்கக் கூடாதே. அம்சாவின் புருஷன் இஸ்திரி வண்டியிலிருந்து கரிச்சாம்பல் வாங்கி நிரப்பினேன். அவள்தான் பயந்தாள்.

"இன்னாம்மா இது, ஐயிரு இங்க செடியில கீறாரு, எங்க இஸ்திரிப் பொட்டி சாம்பலு காசிக்குப் போவுதா? பேஜாராயிடும்மா."

"போகட்டும்டி, அதுவும் எத்தனை நாள் வெந்திருக்கு" என்றேன்.

கங்கையில் அதைக் கரைத்தபோது தேம்பித் தேம்பி அழுதீர்களாமே. கேட்டதும் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

திரும்பி வந்ததும் கங்கா சமாராதனை என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரையும் இங்கே கூட்டி வந்து இலை போட்டீர்கள். வெங்காயம் ஒவ்வொன்றும் கைக்குள் அடங்காமல் பருத்திருந்தது. நெய்யில் சிவக்க வதக்கி, விழுதாக அரைத்து, குழம்பில் விட்டேன். ஜன்மத்தில் வெங்காயத்தைத் தொடாத வம்சம், ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. "நான் காசியில வாங்கிண்டு வந்த பெருங்காயம்தான் மன்னி, ஊரையே தூக்கறது" என்று மூன்றாம் தடவையும் கேட்டு ஊற்றிக்கொண்டீர்கள். இப்போது அண்ணா எங்கே என்று என்னைக் கேட்டால்? பாதிக்குமேல் உங்களிடம்தான் இருக்கிறார்.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள். கோபத்தில் செய்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அது அபாண்டம். கோபமிருந்தால் மீதியைக் குப்பையில் கொட்டியிருக்க மாட்டேனா? ஊறுகாய் ஜாடியில் பத்திரமாக மூடி வைத்திருக்கிறேன். நம் பக்கத்து வெயிலுக்குப் பூண்டு வராது என்கிறார்கள். அவரை நம்பி நாலு பல் ஊன்றியிருக்கிறேன்.