பத்துக் கிலோமீற்றர் கேக்குற செட்

– ஊட்டு முத்தத்துல நிண்டு கத்தினா செட் இல்லாமலே கேக்கும். வாசல் கேட்டத் தாண்டிப் போங்க முதல்ல.

– கதைச்சு முடிஞ்சா 'ஓவர்' எண்டு சொல்லோணும் றுமைஸா. வோக்கி டோக்கிக்கு அதுதான் சட்டம். ஓவர்.

– நானும் நீங்களும் கலியாணம் முடிச்சு ஏழு வருசமாக் கதைக்கிறம். எண்டைக்காவது கதை முடிஞ்சிது எண்டு நான் அறிவிச்சிருக்கனா?

– வீடியோவுல போகப்போகுது புள்ள, கொஞ்சம் வடிவாக் கதை. இந்த நிஸாம்ட யூடியூப் சனலப் பார்க்கிற நானூத்திப் பன்ரெண்டு பேருக்கும் ஒரு மரியாதை வேணாமா? ஓவர்.

– அதுல பாதிப்பேர் எண்ட சொந்தக்காரர். போன மாசம் நீங்க காட்டின பல்பப் பார்த்து இன்னம் சிரிக்கிறாங்க. கை தட்டினா எரியுமாம். நான் ரொட்டி தட்டத் தட்ட அது எரிஞ்சு எரிஞ்சு நூந்திச்சு, குசினியில பெருநாள் கொண்டாட்டம்.

– அது பல்புட பிழை இல்ல, உண்ட கையிட வேகம். ஓவர்.

– தேங்காய் துருவுற மெசின்? முகட்டுல ஒட்டின தேங்காய்ப்பூ இன்னம் அங்கதான் இரிக்கி.

– பழசக் கிண்டாத. இது வேற சாமான். ரெண்டு கோழிட விலைக்கு ஒரு சோடி செட். பத்துக் கிலோமீற்றர் கேக்கும் எண்டு பெட்டியிலேயே அடிச்சிரிக்கான். ஓவர்.

– பெட்டியில மலையும் பனியும்தான் கீறி இரிக்கி. அதையும் அனுப்பினானா?

– சரி, பந்தயத்த இன்னொருக்காச் சொல்லு. கமரா ஓடுது. ஓவர்.

– பந்தயம் எண்டு சொல்லாதீங்க, ஹறாம். ஒப்பந்தம். திங்கக்கிழமை நான் சம்மாந்துறை ஸ்கூல்ல போய்ச் சேரோணும். இந்தச் செட் சம்மாந்துறை மட்டும் அறாமக் கேட்டா, வழமை போல நீங்க என்னை பைக்குல ஏத்திப் போவீங்க, நான் ஸ்கூட்டி எண்டு வாயத் தொறக்கப்படா. நடுவுல எங்க அறுந்தாலும் எண்ட தங்கச்சி பஸ்மினாட ஸ்கூட்டியில நான் போவன். அவள் கடையில இரிக்கிற நேரமெல்லாம் அது சும்மாதானே நிக்கிது.

– என்னோட வாறதுல உனக்கு என்ன குறை? ஓவர்.

– போன வருசம் எத்தினை நாள் வரவுப் புத்தகத்துல சிவப்புக் கோட்டுக்குக் கீழ கையெழுத்து வச்சன் தெரியுமா? பார்சல் குடுக்கிற கந்தோரக் கண்டா ஒங்கட பைக் தானா நிக்கிது. அதிபருக்கு எண்ட பேரே மறந்து போச்சு, 'லேட் டீச்சர்' எண்டுதான் கூப்பிடுவார். புது ஸ்கூல்லயாவது எனக்கு ஒரு பேர் வேணும்.

– அதை வீடியோவுல வெட்டிருவன். சரி, ரெண்டாவது ஹெல்மெட் எங்க? தேடித்தேடிக் காணல்ல. ஓவர்.

– ஊட்டுலதான் கிடக்கும். அது ஏன் இப்ப?

– கமரா மாட்டத்தான். இல்லாததால பைக்குட கண்ணாடி ரெண்டையும் கழட்டித்து, ஒண்டுல கமராவையும் மத்ததுல மைக்கையும் பூட்டிட்டன். ஓவர்.

– கண்ணாடி இல்லாம பின்னால வாறதை எப்படிப் பார்ப்பீங்க?

– முன்னால போறவனுக்குப் பின்னால என்ன வேலை? பிஸ்மில்லாஹ். வெளிக்கிடுறன். ஓவர்.

– பார்த்துப் போங்க. மெல்லப் போங்க, அவசரமில்ல.

– சாய்ந்தமருதுக்குள்ள வந்துட்டன். பைக்க ஓரமா நிப்பாட்டிக் கதைக்கிறன். கேக்குதா? ஓவர். … றுமைஸா? ஓவர். … றுமைஸா, எதையாவது சொல்லு, ஏசினாலும் பரவாயில்ல. ஓவர். … யா அல்லாஹ், பத்து எண்டானே, ரெண்டு கூட வரல்லயே.

– மச்சான், நான் பஸ்மினா. ஓவர்.

– அல்ஹம்துலில்லாஹ். உயிர் வந்திச்சு. எங்க உண்ட ராத்தா? ஓவர்.

– ராத்தாட ரெண்டு கையும் வேலையில இரிக்கி மச்சான். செட்ட நான்தான் அவட வாய்க்கிட்டப் புடிக்கிறன். எனக்கு இந்த ஓவர் சொல்றது நல்ல விருப்பம். ஓவர். ஓவர்.

– ஒருக்காச் சொன்னாக் காணும். றுமைஸா, ஏன் இவ்வளவு நேரம் சத்தமில்ல? அறுந்து போச்சா? உண்மையச் சொல்லு. ஓவர்.

– இப்ப கேக்குதா இல்லையா?

– காதுக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்குது. ஓவர்.

– அப்ப ஏன் நிக்கிறீங்க? போங்க.

– போறன் போறன். அதென்ன அங்க ஒரே இரைச்சல்? ஓவர்.

– நீங்க வாங்கின குட்டி வாஷிங் மெசின் எப்படிச் சத்தம் போடும் எண்டு மறந்துட்டீங்களா?

– அந்தச் சத்தத்தையும் புடிக்குது பாரு. சாமான் எண்டா இதுதான் சாமான். … இந்தா, காரைதீவுச் சந்தி. வலப்பக்கம் திரும்பிச் சம்மாந்துறை ரோட்டுக்கு ஏறிட்டன். பாண் பணிஸ் விக்கிற ஓட்டோ ஒண்டு எதிரால வந்து பாட்டுப் போட்டுக்கிட்டு என்னைக் கடந்து போகுது, கேக்குதா? ஓவர்.

– கேக்குது. வடிவாக் கேக்குது.

– பொறு, பொறு. இப்ப அதே பாட்டு உண்ட பக்கத்தால வருது. அங்கயும் பாண் ஓட்டோவா? ஓவர்.

– எல்லாப் பாண் ஓட்டோவுக்கும் ஒரே பாட்டுத்தானே.

– மச்சான், இவன்ட பணிஸ் நல்ல மணம். ஓவர்.

– செட்டுல மணம் மட்டும்தான் வரல்ல. அடுத்த மொடல்ல அதையும் வைப்பான். … மாவடிப்பள்ளிக்கு வந்துட்டன் புள்ள. பாலத்தடியில நிக்கிறன். ரெண்டு பக்கமும் வயல். காத்து ஆளைத் தள்ளுது. ஓவர்.

– ஓம், பொல்லாத காத்து.

– உனக்கு எப்படித் தெரியும்? ஓவர்.

– செட்டுல கேக்குது எண்டன்.

– மாஷா அல்லாஹ். காத்தையும் புடிக்குது. இஞ்சப் புள்ள, இனி விளையாட்டுக்கு இல்லாமச் சொல்றன். இந்த ரோட்டுலதான் எனக்குப் பயம். நெல்லு லொறி போனா எண்ட பைக்கே ஆடுது. உண்ட அபாயா சில்லுக்குள்ள சிக்கினா என்ன செய்வாய்? உன்னை அடைச்சு வைக்கிற ஆசையில வேணாம் எண்டு சொல்லல்ல. ஓவர்.

– தெரியும். அதாலதான் ஏழு வருசமா உங்களோட சண்டை புடிக்க முடியல்ல. ஆனா அபாயாவ முழங்காலுக்குக் கீழ முடிச்சுப் போட்டா சிக்காது. பயம் எனக்கும் இரிக்கி. அதுக்காக ஒவ்வொரு நாளும் ஒங்கட முதுகப் பார்த்துக்கிட்டே போய் எனக்கு அலுத்துப் போச்சு.

– எண்ட முதுகுக்கு என்ன குறை? ஓவர்.

– வேர்வை.

– சரி, ஸ்கூட்டி ஓட எப்ப பழகப்போறாய் நீ? நான் எதையும் தடுக்கிற ஆளா? ரெண்டு மாசமா அஸர் தொழுகைக்குப் பொறகு பஸ்மினாவோட கடக்கரைக்குப் போறாய், நான் ஒரு சொல் சொன்னனா? ஓவர்.

– இல்ல. நீங்க காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு வீடியோ வெட்டிக்கிட்டு இருந்தீங்க.

– மச்சான், அந்தக் கடக்கரை மணல்ல பழகிறது எவ்வளவு கரைச்சல் தெரியுமா? ராத்தா மூணு தரம் –

– பஸ்மினா, வாயப் பொத்து.

– நடந்து பழகிறதச் சொன்னன் ராத்தா. ஓவர்.

– கேளு றுமைஸா, கமராவுக்கு முன்னால சொல்றன். இந்தக் காத்துல, இந்த லொறிகளுக்கு நடுவுல, இந்தப் பாலத்தத் தாண்டி நீ ஸ்கூட்டி ஓடுறத எண்ட கண்ணால கண்டா, நானே சாவிய உண்ட கையில வைப்பன். சந்தோசமா வைப்பன். ஆனா அது நடக்காது. ஓவர்.

– கமராவுல பதிஞ்சிதா?

– பதிஞ்சிது. ஓவர்.

– அல்லாட காவல். போங்க.

– லொறி ஒண்டு வருது, அது போகட்டும். … சரி, போயிட்டுது. … என்ன, என்ன அங்க ரெண்டு பேரும் கத்தினீங்க? ஓவர்.

– பல்லி மச்சான். பெரிய பல்லி. ஹோர்ன் அடிச்சிக்கிட்டுப் போகுது. ஓவர்.

– பல்லியா ஹோர்ன் அடிக்கும்? ஓவர்.

– அவள்ட கதையக் கேக்காதீங்க. ரோட்டப் பார்த்து ஓடுங்க.

– ஊட்டுல பல்லி விழுந்தாலும் மாவடிப்பள்ளியில கேக்குது. கடலுக்குப் போற நம்மட ஆக்களுக்கு இதைக் காட்டினா அள்ளிக்கிட்டுப் போவாங்க. … வந்துட்டன். வந்துட்டன் புள்ள. சம்மாந்துறை. உண்ட புது ஸ்கூல் மதிலுக்கு முன்னால நிக்கிறன். நண்பர்களே, பெட்டியில போட்டது பொய் இல்ல. கல்முனைக்குடியில இருந்து சம்மாந்துறை மட்டும், ஒரு சொல் அறாம. றுமைஸா, நண்பர்களுக்குச் சொல்லு, எப்படிக் கேக்குது? ஓவர்.

– பக்கத்துல நிண்டு கதைக்கிற மாதிரிக் கேக்குது.

– கேட்டீங்களா நண்பர்களே? அப்ப நீ தோத்துட்டாய். ஓவர்.

– ஓம். செட்டுட ஒப்பந்தத்துல நான் தோத்துட்டன். பாலத்தடியில நீங்க குடுத்த வாக்கு வேற. அது அழியாம இரிக்கிதானே?

– இரிக்கி. அதை ஏன் இப்ப கேக்கிறாய்? உண்ட குரல் என்ன ரெண்டு ரெண்டாக் கேக்குது? ஓவர்.

– ராத்தா, சொல்லுங்க. இனி எனக்குச் சிரிப்ப அடக்க ஏலாது. ஓவர்.

– ஒண்டுமில்ல. முதல்ல அந்த வலப்பக்கச் சிக்னல நூத்துங்க. காரைதீவுச் சந்தியில போட்டது, இந்தத் தூரமும் மின்னி மின்னிப் பின்னால வந்த எனக்குக் கண் கூசுது. ஓவர்.