கூப்பிட ஒரு காரணம்

எனக்குச் சும்மா உட்கார்ந்திருக்க வராது சார். உங்கள் காவலர் என் போனை வாங்கி வைத்ததிலிருந்து கை துறுதுறுவென்கிறது. வழக்கமாக இந்நேரத்துக்கு நாலைந்து பேரிடமாவது "என்ன சார், பார்த்தே ரொம்ப நாளாச்சு, எப்படி இருக்கீங்க" என்று கேட்டு முடித்திருப்பேன்.

நான் வீட்டுத் தரகன். மனிதர்கள்தான் என் மூலதனம். ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் இறங்குவதற்குள் அவருடைய மாமனார் எந்த அலுவலகத்தில் இருக்கிறார் என்பது வரை தெரிந்துகொள்வேன். பழகுவது பெரிய வித்தை இல்லை. பழக்கம் விட்டுப்போகாமல் கட்டிக்காப்பதில்தான் உயிர் போகும். சின்ன மனிதர்களைச் சும்மா கூப்பிடலாம். பெரிய மனிதர்களைக் கூப்பிட ஒரு காரணம் வேண்டும்.

இதய டாக்டர் அப்படிப் பெரிய மனிதர். விமானம் தாமதமான ஒரு நாள், காத்திருப்பு அறையில் எனக்குக் கிடைத்தார். அவருக்கு வேண்டியவன் என்று பெயர் வாங்கிவிட்டால் ஊரில் பாதி வீட்டுக்குள் தாராளமாக நுழையலாம். முதலில் நன்றாகத்தான் பேசினார். பிறகு "மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிடுவார். அப்புறம் எடுப்பதையே விட்டுவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"ஏங்க, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தாதீங்க, எனக்குத் தலை சுத்துது" என்றாள் என் மனைவி.

அத்தானுக்கு, அதாவது என் அக்கா வீட்டுக்காரருக்கு, ஏற்கெனவே இதயத்தில் கோளாறு. தங்கமான மனிதர். தொழிலில் எனக்கு முதல் ஆளைப் பிடித்துக் கொடுத்ததே அவர்தான். அவருடைய மாத்திரைகளை வாங்கி டப்பாவில் போட்டு வைப்பது என் பொறுப்பு. மருந்துக்கடைக்காரரும் நமக்கு வேண்டியவர்தான். இப்படி ஒரு மச்சினன் யாருக்குக் கிடைக்கும் என்று அத்தான் வாய் நிறையச் சொல்வார்.

அன்று காலை அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலேயே சரிந்தார். நான் பக்கத்துத் தெருவிலிருந்து காரை எடுத்துக்கொண்டு போனேன். அக்கா என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"உனக்குத்தான் ஊர்ல எல்லாரையும் தெரியுமேடா. யாரையாவது கூப்பிடுடா."

இந்த வார்த்தைக்காகத்தான் எத்தனை நாளாகக் காத்திருந்தேன். டாக்டருக்குச் செய்தி அனுப்பினேன். அவரே கூப்பிட்டார், சார்.

"பக்கத்துல எந்த ஆஸ்பத்திரி இருக்கோ, மொதல்ல அங்க போங்க" என்றார்.

"இல்ல சார், கிளம்பிட்டோம். உங்ககிட்டதான் வர்றோம்" என்றேன்.

தெருமுனையிலேயே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. "இங்கயே நிறுத்துடா" என்று அக்கா பின்னாலிருந்து கத்தினாள். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. அங்கே அவர் பிழைத்திருந்தால் டாக்டரிடம் நான் என்ன சொல்லிப் பேசுவது? பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. முன்சீட்டிலிருந்த அத்தான் என் முழங்கையைப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பிடி விட்டுப்போனது.

துக்கத்துக்கு டாக்டர் நேரிலேயே வந்தார். வந்திருந்த கூட்டம் முழுக்கப் பார்க்க, என் தோளில் கை வைத்து, "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்றார். அத்தான் இருந்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார்.

மாத்திரை டப்பாவை அக்காவே உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாளாம். உள்ளே இருந்தவை வெறும் சத்து மாத்திரைகள் என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டதாம். கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று நான் சொல்லலாம். ஆனால் நல்ல தொடர்பைக் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. போனை வாங்குவதற்கு முன் எனக்குத் தெரிந்த வக்கீல்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன். டாக்டரையும் கூப்பிட்டேன். ஒருவரும் எடுக்கவில்லை. வேலையாக இருப்பார்கள், பாவம்.

இந்த வழக்கு இழுத்துக்கொண்டே போனால் உங்களை எங்கேயோ ஒரு ஸ்டேஷனுக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று வாசலில் காவலர் சொன்னார். அது வேண்டாம் சார். எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையை மாற்றியது நான்தான். லேசாக ஒரு நெஞ்சுவலி வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போனதும் தெரிந்தேதான். நீங்கள் கேட்பதற்கு முன்பே உங்களுக்கு இந்த உதவியைச் செய்திருக்கிறேன். எழுதி முடித்ததும் உங்கள் சொந்த நம்பரை மட்டும் கொடுங்கள். இனிமேல் உங்களைக் கூப்பிட எனக்கு ஒரு காரணம் இருக்கிறது.