பூட்டுக்காரனுக்காக வேண்டிக்கொண்ட மொட்டை

நான் நகரியில் ஏறிய திருப்பதி பஸ்ஸில், என் முன்சீட்டில் தறி ஓட்டுகிற இரண்டு பெண்கள். என் வயசுக்கு எத்தனையோ வேண்டுதல் பார்த்தவள் நான். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

"அவன் கொலை பண்ணதுக்கு நான் எதுக்குக்கா மொட்டை போட்டுக்கணும்?" என்றாள் நீளச் சடைக்காரி.

மூத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "டிவி சீரியல்ல வர்ற பூட்டுக்காரன் போலீஸ்ல மாட்டக்கூடாது, முடி தரேன்னு பெருமாள்கிட்ட வேண்டிக்கினது நானாடி?"

"அப்ப அவன் நல்லவன்க்கா! பொண்ணு ஆபரேஷனுக்கோசரம் ஒரே ஒரு வீட்டுப் பூட்டத் தொறந்தான்."

"அப்புறம் பேங்கு. அப்புறம் நகைக்கடை. அவன் மூஞ்சியே சரியில்லன்னு அன்னிக்கே சொன்னேன்."

"பொண்ணுதான் பொழைச்சிடுச்சே, நிறுத்தித் தொலைய வேணாமா? கூடப்பொறந்த தம்பியவே கெணத்துல தள்ளிட்டு, வூட்டுக்கு வந்து சோறு துன்றான்க்கா!"

"மாட்டாம தப்பிச்சான் இல்ல? பெருமாளு உன் பேச்சக் கேட்டுட்டாரு. போய் முடியக் குடு."

சடைக்காரி சடையை முன்னால் இழுத்துப் போட்டுத் தடவிப் பார்த்தாள்.

"சரி, குடுத்துடறேன். அப்படியே, அடுத்த வாரமே அவன் மாட்டணும்னு வேண்டிக்கினு வரேன்."

"அதுக்கு எதக் குடுப்ப? தலையில முடி மொளைக்கட்டும் முதல்ல."